ஆன்லைன் ஏலத்தில் பழைய அம்பாசடர்: எடுக்கலாமா, விட்டுவிடலாமா?

பாலக்கோட்டுத் தம்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் பாலக்கோடு. அப்பா தருமபுரி கார் ஸ்டாண்டில் 19 வருடம் அம்பாசடர் ஓட்டியவர். மார்க் 4, ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர் மாற்றும் ஹேண்ட் கியர் வண்டி. சொந்த வண்டி இல்லை, முதலாளி வண்டிதான். ஆனாலும் காலையில் எழுந்து அதைத் துடைத்து, ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்து, பூ வைத்த பிறகுதான் காப்பி குடிப்பார். கல்யாண ஓட்டம், ஒகேனக்கல் ஓட்டம், தீர்த்தமலைக்கு வேண்டுதல் ஓட்டம் என்று அந்த வண்டியில் அவர் போகாத ஊர் இந்தப் பக்கம் இல்லை. 2003இல் முதலாளி வண்டியை விற்றுவிட்டார், அப்பாவும் ஓட்டுவதை விட்டுவிட்டார். வரும் தை மாதம் அவருக்கு 70 முடிகிறது. அதற்குள் அவர் பெயரிலேயே ஒரு அம்பாசடர் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று மனதில் வைத்திருக்கிறேன். வாசலில் நிறுத்திப் பார்க்க இல்லை, அவர் ஓட்ட வேண்டும்.

ஒரு மாதமாக ஆன்லைன் ஏலங்களைப் பார்க்கிறேன். இப்போது இரண்டு வண்டி கண்ணில் பட்டிருக்கிறது. ஒன்று, அரசுத் துறை ஒன்று கழித்த 2005 மாடல் வெள்ளை அம்பாசடர், மின்னணு ஏலத்தில் வருகிறது, ஆரம்ப விலை 28,000. இன்னொன்று ஓசூரில், 1986 மாடல், பெட்ரோல், தனியார் ஏலத் தளத்தில் போட்டிருக்கிறார்கள், இப்போதைக்கு 1,10,000 வரை கேட்டிருக்கிறார்கள், முடிய ஆறு நாள் இருக்கிறது. படத்தில் பளபளவென்று இருக்கிறது.

என்னிடம் மொத்தமே 2 லட்சம். ரிப்பேர், பேப்பர் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். அரசு வண்டி பாதிக்கும் கீழே கிடைக்கிறதே, அதையே எடுத்து மீதியில் செலவு செய்யலாமா? ஏலத்தில் எடுத்த அனுபவம் உள்ள அண்ணன்கள் சொல்லுங்கள். அப்பாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

கிருஷ்ணகிரி ஃபைல் எழுதியது:

தம்பி, நான் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலைகளை எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன். உங்கள் முதல் வண்டியைப் பற்றி உடனே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் முன்பணம் கட்டிவிட்டால் வீண். அரசு வண்டிகளுக்கு விதி மாறிவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், மத்திய, மாநில அரசு வண்டி எதுவாக இருந்தாலும் முதல் பதிவிலிருந்து 15 வருடம் முடிந்தால் அதன் பதிவு செத்துவிடும், புதுப்பிக்கவே முடியாது. அங்கீகாரம் பெற்ற வாகன அழிப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். ராணுவம், சட்டம் ஒழுங்கு வேலைக்கான சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. 2005 மாடல் என்றால் எப்போதோ 15 தாண்டிவிட்டது. அந்த ஏலத்தின் நிபந்தனைத் தாளைத் திறந்து படியுங்கள், அழிப்பு நிலையங்கள் மட்டும் கலந்துகொள்ளலாம் என்று இருக்கும். 28,000 என்பது இரும்பு விலை.

நிறையப் பேர் இதில் ஏமாறுவதற்குக் காரணம், முன்பெல்லாம் இது நடந்ததுதான். கழித்த அரசு ஜீப், அம்பாசடர்களை ஏலத்தில் எடுத்து, ஏல வண்டிக்கான பெயர் மாற்ற மனுவான ஃபார்ம் 32 போட்டு, ஏல உறுதி ஆணையையும் இன்ஷூரன்ஸையும் சேர்த்துக் கொடுத்து, பெயர் மாற்றி, எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டி ஓட்டியவர்கள் நம் மாவட்டங்களில் ஏராளம். இப்போதும் 15 வருடத்துக்கு உட்பட்ட அரசு வண்டி ஏலத்துக்கு வந்தால் அந்த வழிதான். வண்டியைக் கையில் வாங்கிய 30 நாளுக்குள் ஃபார்ம் 32 கொடுக்க வேண்டும். ஆனால் அம்பாசடர் தயாரிப்பே 2014 மே மாதம் உத்தர்பாராவில் நின்றுபோய்விட்டது, அதனால் அந்த வயதுக்குள் அரசு அம்பாசடர் கிடைப்பது இனி மிகவும் அரிது. ஆக, ஓட்டுவதற்கு என்றால் தனியார் பெயரில் இருக்கும் வண்டியை மட்டும் பாருங்கள். தனியார் வண்டிக்கு அந்த 15 வருடத் தடை இங்கே கிடையாது, எஃப்.சி.யில் தேறினால் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம்.

இனி ஓசூர் வண்டி. படத்தைப் பார்க்காதீர்கள், ஆர்.சி. என்ற பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். விற்பவரும் ஆர்.சி.யில் உள்ளவரும் ஒரே ஆளா? இந்த வயது வண்டிகளில் பாதிக்கு மேல் இறந்துபோன தாத்தா பெயரில் கிடக்கும். அப்படி என்றால் முதலில் வாரிசுச் சான்றிதழ் வைத்து ஃபார்ம் 31இல் அவர்கள் பெயருக்கு மாற்றிய பிறகுதான் அவர்களிடமிருந்து உங்களுக்குப் பெயர் மாற்றும் ஃபார்ம் 29, 30. வாரிசுகளில் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால் உங்கள் பணம் அங்கேயே நிற்கும். 1986இல் பதிவான வண்டி என்றால் 2001இல் 15 முடிந்திருக்கும், அப்புறம் 2006, 2011, 2016, 2021 என்று வரிசையாகப் புதுப்பித்திருக்க வேண்டும். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று கேளுங்கள். காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 600ஆக இருந்தது 2022இல் 5,000 ஆனது, 20 வருடம் தாண்டிய காருக்கு 2025இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். தாமதத்துக்கு மாதம் 500 தனி, பசுமை வரி தனி. நான்கு வருடம் தூங்கிய ஆர்.சி. என்றால் தாமதக் கட்டணம் மட்டும் 24,000 என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அது மூன்றெழுத்துப் பழைய எண்ணாக இருக்கும். பழைய புத்தக ஆர்.சி.கள் பல இன்னும் கணினியில் ஏறவே இல்லை. அரசின் பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள், விவரம் வந்தால் நிம்மதி. வரவில்லை என்றால் எந்த ஆபீஸில் பதிவானதோ அங்கே போய்ப் பழைய ரெஜிஸ்டரைப் பார்த்து ஏற்றச் சொல்ல வேண்டும், அதற்கு நடக்க வேண்டும். இதையெல்லாம் விற்பவர் முடித்துத் தருகிறாரா, நீங்கள் அலைய வேண்டுமா என்று ஏலம் கேட்பதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள்.

பர்கூர் வேலு எழுதியது:

ஃபைல் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. நான் பட்டது அம்பாசடர் இல்லை, வங்கி ஏலம், ஆனாலும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கடன் கட்டாமல் பறிமுதல் செய்த ஒரு டீசல் காரை ஒரு நிதி நிறுவனம் ஏலத்தில் விட்டது. விலை சந்தையை விட 70,000 குறைவு என்று தெரிந்ததும் எனக்குக் கை நிற்கவில்லை. யார்டு சேலம் பக்கம். ஒரு நாள் லீவு போட்டுப் போய்ப் பார்த்திருக்கலாம், போகவில்லை, பதினெட்டுப் படங்கள் இருந்தனவே என்று நம்பிவிட்டேன். ஏலத்தில் நான்தான் அதிகம் கேட்டவன், ஆனால் அதோடு வண்டி என்னுடையது என்று ஆகிவிடவில்லை, அவர்கள் ஒப்புதல் கொடுக்க ஒன்பது நாள் ஆனது, அதுவரை முன்பணம் அவர்களிடம். ஒப்புதல் வந்ததும் மூன்று நாளில் முழுப் பணம் கட்டச் சொன்னார்கள். கட்டிவிட்டுப் போனால் வண்டியில் பேட்டரி இல்லை, ஸ்டெப்னி இல்லை, சாவி ஒன்றுதான், ஆர்.சி. பழைய ஓனரிடமே இருக்கிறதாம். இருக்கும் இடத்தில் இருக்கும் நிலையில் என்று ஒரு வரி நிபந்தனையில் இருந்தது, அந்த வரிக்கு அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆர்.சி. இல்லாத இந்த மாதிரி வண்டிக்கு, முதலில் அந்த நிறுவனம் ஃபார்ம் 36 கொடுத்துத் தன் பெயரில் புது ஆர்.சி. வாங்க வேண்டும், அதற்கு ஆர்.டி.ஓ. பழைய ஓனருக்கு நோட்டீஸ் அனுப்புவார், அதற்குப் பிறகுதான் 29, 30 என்று நமக்கு மாறும். எனக்கு அது முடிய ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் வண்டி வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குள். குறைந்த விலை என்று நினைத்த 70,000இல் முக்கால்வாசி அங்கே இங்கே என்று போய்விட்டது, மனக் கஷ்டம் வேறு. தம்பிக்கு நான் சொல்வது, ஓசூர் உங்களுக்கு ராயக்கோட்டை வழியாக ஒரு காலை நேரப் பயணம்தான், நேரில் போகாமல் ஒரு ரூபாய் கூடக் கேட்காதீர்கள்.

மெக்கானிக் காதர் எழுதியது:

நான் காவேரிப்பட்டினத்தில் பட்டறை வைத்திருக்கிறேன், கை பழகியதே அம்பாசடரில்தான். தம்பி எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, அந்த ஸ்டாண்டு வண்டிகள் பலவற்றில் நானும் படுத்து வேலை பார்த்திருப்பேன்.

போகும்போது ஒரு காந்தம், ஒரு டார்ச், ஒரு பழைய பாய் கொண்டு போங்கள். பாய் எதற்கு என்றால் வண்டிக்குக் கீழே படுக்க. அம்பாசடரில் எஞ்சினைச் சரிசெய்துவிடலாம், கியர் பாக்ஸைச் சரிசெய்துவிடலாம், தரை போய்விட்டால் பணம் அங்கேதான் கரையும். இதற்குத் தனி சேஸிஸ் சட்டம் லாரி மாதிரி முழுதாகக் கிடையாது, பாடியும் தரையும்தான் வண்டியைத் தாங்குகிறது. கால்மிதி மேட்டைத் தூக்கிவிட்டு டிரைவர் காலடி, பின்சீட்டுக் காலடி, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் இடம், கதவுக்குக் கீழே ஓடும் நீளப் பெட்டி, இவ்வளவையும் கட்டை விரலால் அழுத்துங்கள், ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும், அரித்த தகடு பொத்தென்று சொல்லும். புதுப் பெயிண்டு அடித்த வண்டியில் காந்தத்தைக் கதவின் அடிப்பகுதியில் வையுங்கள். பிடிக்கவில்லை என்றால் உள்ளே பட்டி கனமாகப் பூசியிருக்கிறது. பளபளவென்று இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. பழைய பெயிண்டு மங்கிப்போன வண்டியை நான் நம்புவேன், ஏலத்துக்கு முன் பெயிண்டு அடித்த வண்டியை நம்ப மாட்டேன்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். போனவுடன் பானட்டில் கை வையுங்கள், சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து வாருங்கள். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தால் பேக் கம்ப்ரஷன், ரிங்கும் போரும் போய்விட்டது. மூடியின் உள்பக்கம் மோர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலக்கிறது. ஓட்டிப் பார்க்கும்போது வேகத்தில் பின்னால் ஊளைச் சத்தம் வந்தால் பின் அச்சில் உள்ள கிரவுன் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது. ஹேண்ட் கியர் மாற்றும்போது ஆட்டம் இருக்கும், அது புஷ்தான், பெரிய செலவில்லை.

எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். 80களில் வந்த பெட்ரோல் அம்பாசடர்களில் நிறைய வண்டிகளுக்குப் பின்னாளில் செலவு குறையட்டும் என்று டீசல் எஞ்சின் இறக்கியிருப்பார்கள். ஆர்.சி.யில் ஏற்றியிருந்தால் பரவாயில்லை, ஏற்றவில்லை என்றால் எஃப்.சி.யில் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அப்புறம் பெட்ரோல் விஷயம். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்பு டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் அதில் சீக்கிரம் ஊறிக் கெட்டுவிடும். எந்த வண்டி எடுத்தாலும் முதல் வேலையாக அவற்றைப் புதிதாக மாற்றிவிடுங்கள், கசிந்த பெட்ரோல் சூடான எஞ்சின் மேல் விழக் கூடாது. பெரிய செலவும் இல்லை. பாகங்கள் கிடைக்குமா என்று பயப்பட வேண்டாம், சென்னை புதுப்பேட்டை இருக்கிறது, பெங்களூரு ஜே.சி. ரோடு இருக்கிறது, இரண்டிலும் இல்லாதது என்று எனக்கு இதுவரை ஒன்றிரண்டுதான்.

அரூர் ஆசிரியர் எழுதியது:

என்னிடம் மார்க் 2 இருக்கிறது, என் பெரியப்பா வாங்கியது. அதை வைத்து ஒன்று சொல்கிறேன். 50 வருடம் தாண்டிய வண்டிக்கு விண்டேஜ் பதிவு என்று 2021 ஜூலையில் ஒரு விதி வந்தது, எண்ணில் வி.ஏ. என்ற எழுத்து வரும், புதிதாகப் பதிவு செய்ய 20,000, பத்து வருடம் செல்லும். ஏலத் தளங்களில் சிலர் இதைப் பெரிய சிறப்பாகச் சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். உங்கள் நோக்கத்துக்கு அது ஒத்து வராது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றுதான் அந்த வண்டியைச் சாலையில் எடுக்கலாம், தினசரி ஓட்டம் கூடாது. அப்பா நினைத்தபோது ஒகேனக்கல் போக வேண்டும் என்றால் சாதாரணப் பதிவுதான் நல்லது. 1986 வண்டிக்கு இந்தப் பேச்சே இல்லை, இருந்தாலும் நாளைக்கு வேறு வண்டி கண்ணில் பட்டால் நினைவிருக்கட்டும்.

ஏலம் கேட்கும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. பல தளங்களில் கடைசி நிமிடங்களில் யாராவது கேட்டால் முடிவு நேரம் தானாக நீளும். அந்த நேரத்தில்தான் எல்லோரும் புத்தியை விடுகிறார்கள், இன்னும் இரண்டாயிரம்தானே, இன்னும் இரண்டாயிரம்தானே என்று. உங்கள் 2 லட்சத்தில் தளத்தின் கமிஷன், புதுப்பிக்கும் கட்டணம், தாமதம், இன்ஷூரன்ஸ், ஓசூரிலிருந்து வண்டியை ஏற்றி வரும் செலவு, நான்கு டயர், டிங்கர் வேலை எல்லாவற்றையும் முதலில் கழியுங்கள். மிச்சம் எவ்வளவோ அதுதான் உங்கள் உச்ச விலை. எனக்குத் தோராயமாக 1,15,000 தாண்டக் கூடாது என்று தோன்றுகிறது. முன்பணத்தை ஏலம் நடத்தும் நிறுவனத்தின் கணக்கில் மட்டும் கட்டுங்கள். தனி ஆள் பெயரில் உள்ள எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அதோடு விலகிவிடுங்கள்.

ஊத்தங்கரை மணி எழுதியது:

ஒன்றை யாரும் சொல்லவில்லை, வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் எங்கள் ஊரில் ஒரே இரவில் பெய்த மழையில் நிறுத்தியிருந்த கார்களும் வேன்களும் தண்ணீரில் அடித்துக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட வண்டிகளும், சென்னையில் 2023 டிசம்பரில் மூழ்கிய வண்டிகளும் இன்ஷூரன்ஸ்காரர்கள் முழு நஷ்டம் என்று கணக்கை முடித்த பிறகு ஏலத்துக்குத்தான் வரும், கழுவித் துடைத்து மறுபடியும் இன்னொரு ஏலத்துக்கு வரும். புது மாடல் செகண்ட் ஹேண்ட் கார் தேடுபவர்கள் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கே மட்டும் மறையாது. சீட்டுக்கு அடியில் உள்ள ரெயிலில் துரு இருக்கிறதா, கார்ப்பெட்டுக்கு அடியில் வாடை வருகிறதா என்று பாருங்கள். பழைய அம்பாசடருக்கு எலக்ட்ரானிக்ஸ் இல்லை, அதனால் அது பிழைத்துக்கொள்ளும், ஆனால் தரைத் தகடு பிழைக்காது.

பாலக்கோட்டுத் தம்பி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அரசு வண்டியின் நிபந்தனைத் தாளைப் படித்தேன், ஃபைல் அண்ணன் சொன்ன வரி மூன்றாம் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. நல்லவேளை, பணம் கட்டவில்லை.

ஓசூருக்கு ஞாயிற்றுக்கிழமை போனேன். தனியாகப் போகத் தைரியம் வரவில்லை, வெள்ளிக்கிழமை இரவே அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், எந்த மாடல் என்று மட்டும் கேட்டார். விடிந்ததும் மேஸ்திரி ஒருவரிடம் போய் ஒரு காந்தம் வாங்கி வந்துவிட்டார், நான் இங்கே படித்ததை இன்னும் அவரிடம் சொல்லவே இல்லை.

அங்கே நாங்கள் கேட்டுக்குள் நுழையும்போது விற்பவர் வண்டியை ஸ்டார்ட்டில் வைத்திருந்தார். அப்பா வண்டிக்குப் பக்கத்தில் போகக் கூட இல்லை, கேட் அருகிலேயே நின்று, இது பெட்ரோல் சத்தம் இல்லையே என்றார். பானட்டைத் திறந்தால் டீசல் எஞ்சின். ஆர்.சி.யில் பெட்ரோல். விற்பவர், நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது, ஆர்.சி.யைப் பார்த்துத்தான் விவரம் போட்டேன் என்கிறார். ஆர்.சி. அவருடைய பெயரிலும் இல்லை, இரண்டு ஆளுக்கு முந்தைய ஓனர் பெயரில் இருக்கிறது, 2016க்குப் பிறகு புதுப்பிக்கவில்லை. அப்பா பாயை விரித்துக் கீழே படுத்தார். 69 வயதில் அவர் அப்படிப் படுத்ததைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வெளியே வந்து, டிரைவர் பக்கத் தரையில் தகரத்தை வைத்து ஒட்டி மேலே கறுப்பு அடித்திருக்கிறான், எழுந்து வா போகலாம் என்றார்.

அந்த வண்டி நேற்று இரவு 1,48,000க்கு முடிந்தது. யார் எடுத்தார்களோ, இந்த விஷயமெல்லாம் தெரிந்து எடுத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். ஏலத் தளத்துக்கு எஞ்சின் மாறியிருப்பதை எழுதி அனுப்பினேன், ஏலம் முடியும் வரை பதில் வரவில்லை.

திரும்பி வரும்போது ராயக்கோட்டையில் டீ குடிக்க நிறுத்தினோம். அப்பா அந்த ஸ்டாண்டு வண்டியின் எண்ணைச் சொன்னார், அது இப்போது எங்கே இருக்கிறதென்று அந்தத் தளத்தில் பார்க்க முடியுமா என்று கேட்டார். பரிவாகனில் போட்டேன், வரவில்லை. ஃபைல் அண்ணா, கணினியில் ஏறாத வண்டியின் கடைசி ஓனரைத் தெரிந்துகொள்ள தருமபுரி ஆபீஸில் மனு கொடுக்கலாமா? முதலாளி குடும்பம் இன்னும் ஊரில்தான் இருக்கிறது, 2003இல் யாருக்குக் கொடுத்தார்கள் என்று அவர்களுக்கு நினைவிருக்கலாம்.

கிருஷ்ணகிரி ஃபைல் எழுதியது:

முதலில் முதலாளி வீட்டுக்கு அப்பாவையே அனுப்புங்கள் தம்பி, அவர் கேட்டால் சொல்வார்கள். விற்றபோது கையெழுத்துப் போட்ட 29, 30இன் நகலோ டெலிவரி நோட்டோ பழைய பெட்டியில் கிடைத்தால் வாங்கியவர் பெயர் அதில் இருக்கும். அது கிடைக்கவில்லை என்றால் ஆபீஸில் என்ன செய்யலாம் என்று பார்ப்போம், எண்ணை எனக்குத் தனியாக அனுப்புங்கள், இங்கே பொதுவில் போட வேண்டாம்.

மெக்கானிக் காதர் எழுதியது:

எண்ணை எனக்கும் அனுப்புங்கள். அந்த ஸ்டாண்டு வண்டிகளில் இரண்டு பென்னாகரம் பக்கம் இன்னும் ஓடுகின்றன, ஒன்றுக்குப் போன ஆடியில்தான் ரேடியேட்டர் மாற்றினேன். எண் எனக்கு ஞாபகம் இல்லை, பட்டறை நோட்டில் இருக்கும், இரவு பார்த்துச் சொல்கிறேன்.